சொல்லும் எதிர்ச்சொல்லும்: ஆங்கிலச் சொற்களஞ்சியத்தின் வரலாறு

1849 ஆம் ஆண்டிலே, ஒன்றையொன்று அறியாத இரண்டு முயற்சிகள் நடைபெற்றன. அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து சென்னபட்டணஞ் சென்ற நல்லூர் ஆறுமுக நாவலர், அங்கே சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சேற்றினார். திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மனனஞ் செய்துவந்த நூல் அது. அதே ஆண்டில் இலண்டன் மாநகரிலே, உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற எழுபது வயதுடைய வைத்தியர் ஒருவர், நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தாம் எழுதிவைத்த பழைய சொற்றொகுதி ஒன்றைத் திரும்ப எடுத்து விரிக்கத் தொடங்கினார். அவர் பெயர் பீற்றர் மார்க் றோஜே. 1852 இல் வெளிவந்த அவருடைய நூல், ஆங்கிலம் எழுதுவோர் மேசைகளிலே அகராதிக்கு அருகில் இடம்பெற்றது. உயர்ந்த ஆங்கிலச் சொற்களைக் கற்க விரும்பும் மாணவர், ஒருபொருட் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் தேடிப் புரட்டும் நூல்களுக்கெல்லாம் அதுவே தாய்நூல் எனலாம். ஆனால் அந்த நூல் மாணவருக்காக எழுதப்பட்டதன்று. இந்த உண்மையை மறந்தமையால் விளைந்த இடர்ப்பாடுகள் பல.

றோஜேயின் கதையைச் சொல்லுமுன், ஆங்கிலத்திலே ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் எவ்வாறு குவிந்தன என்பதை அறிதல் வேண்டும். 1066 இல் நோர்மண்டி நாட்டுக் கோமகன் உவில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன் பின்னர் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கிற்று; கோயிலிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் வழங்கிற்று; வயலிலும் சமையற்கட்டிலும் பழைய ஆங்கிலம் வழங்கிற்று. ஆட்டை மேய்த்தவன் அதனை 'ஷீப்' என்றான். அதே ஆட்டின் இறைச்சியை உணவு மேசையில் உண்ட பிரபு அதனை 'மட்டன்' என்றான். தமிழரும் அறிந்த அந்த 'மட்டன்' என்னுஞ் சொல், வென்றவனுடைய மொழிச் சொல்லாம்.

1362 இலேதான் நீதிமன்ற வழக்குகள் ஆங்கிலத்திலே பேசப்படல் வேண்டுமென்று சட்டம் பிறந்தது. அதற்குள் பிரெஞ்சுச் சொற்கள் வேரூன்றிவிட்டன. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மேலும் சொற்களை வாரிக் கொணர்ந்தார்கள். இவ்வாறு 'அரசனுக்குரிய' என்னும் ஒரு கருத்துக்கு 'கிங்லி' என்னும் பழஞ்சொல்லும், 'றோயல்' என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லும், 'றீகல்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லும் ஒருங்கே நிலைத்தன. மரணசாசனத்தைக் குறிக்கும் 'வில்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் 'டெஸ்டமென்ட்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லையும் வழக்கறிஞர்கள் இரட்டையாகவே எழுதிப் பழகினர். ஒன்றை விடுத்தால் உரிமை தவறுமோ என்று அஞ்சினர் போலும்.

புதுச்சொற்கள் மலிந்தமையால் ஆங்கிலேயருக்கே ஆங்கிலம் விளங்காத காலமும் வந்தது. 1604 இல் றொபேட் கோட்ரி என்னும் பள்ளியாசிரியர் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 கடுஞ்சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எளிய சொல் ஒன்றோ இரண்டோ பொருளாக எழுதினார். இலத்தீன் பயிலாத சீமாட்டிகளுக்கும் ஏனையோருக்கும் பயன்படுதற்காகவே நூலைச் செய்ததாகத் தலைப்பேட்டிலே கூறினார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் அகராதிகளுள் அதுவே முதலாவது என்பர். அதன் முதற்பதிப்பில் ஒரேயொரு படிதான் இன்று எஞ்சியுள்ளது. அது ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடுஞ்சொல்லை எளிய சொல்லால் விளக்கும் முறை, இவ்வாறு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது.

ஆயினும், கடுஞ்சொல்லுக்கு எளிய சொல் பொருளாகுமெனில் இரண்டும் ஒன்றேயாமோ? ஆகாது என்பதைச் சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தம் பேரகராதியின் முன்னுரையிலே உணர்த்தினார். முற்றிலும் ஒத்த பொருளுடைய இரு சொற்கள் அரியவை என்பது அவர் கருத்து. தமிழ் வழக்கை நோக்கினும் இது புலனாகும். 'செத்தான்', 'இறந்தார்', 'சிவபதமடைந்தார்' என்னும் மூன்றும் ஒரு நிகழ்ச்சியையே கூறுகின்றன. ஆனால் ஊர்ப் பெரியவர் ஒருவருடைய மரண அறிவித்தலிலே முதற் சொல்லை அச்சிடுவார் உளரோ?

இந்த நுண்ணிய வேறுபாடுகளை ஆராயும் வழக்கம் பிரான்சு நாட்டிலே முதலில் வளம் பெற்றது. கிராட் என்னும் துறவி 1718 இல் வெளியிட்ட நூலைத் தழுவி, ஜோன் டிரஸ்லர் என்பவர் 1766 இல் ஆங்கிலத்திலே ஒரு நூல் செய்தார். 1794 இல் ஹெஸ்டர் பியோட்சி என்னும் அம்மையார் இரண்டு பாகங்களில் ஒருபொருட் சொல்விளக்கம் எழுதினார். அவர் ஜோன்சனுடைய நெடுநாள் நண்பர்; முதற் கணவர் இறந்தபின் இத்தாலிய இசைவாணர் ஒருவரை மணந்தமையால் அந்த நண்பரின் கோபத்துக்கு ஆளானவர். வீட்டிலே பிறமொழியாளர் ஒருவர் நாள்தோறும் ஆங்கிலம் பேசக் கேட்டவர் ஆதலின், இலக்கண நூலார் காணாதவற்றை அவர் கண்டார் எனலாம். அன்றாட உரையாடலிலே சொல்லைத் தெரிந்தெடுக்கும் முறையே அவர் நூலின் பொருள். 1816 இல் ஜோர்ஜ் கிறாப் என்பவர் இன்னும் விரிவான நூலொன்றைத் தந்தார். சொல் பிறந்த மூலத்தைக் கொண்டே அதன் இன்றைய பொருளை வரையறுக்க முயன்றது அவரிடம் உள்ள குறை. சொற்கள் பிறந்த வீட்டிலேயே என்றும் தங்கியிருப்பதில்லை. எனினும் அந்நூல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சிலே நிலைத்தது.

இவர்கள் யாவரும் சொற்களைப் பிரித்துக் காட்டினர். றோஜேயோ சொற்களைக் கூட்டிக் காட்டினார்.

அவர் 1779 ஆம் ஆண்டு தை மாதம் 18 ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் சுவிற்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரத்தவர். இலண்டனில் இருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தக் கோயிலின் போதகர். பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது தந்தை காசநோயால் மாண்டார். தாயாரின் குடும்பத்திலே மனநோயும் மனச்சோர்வும் தொடர்ந்து வந்தன. இத்தகைய வீட்டிலே வளர்ந்த சிறுவன், சிறுவயதிலேயே சொற்களை இனம் இனமாகப் பிரித்துப் பட்டியல் எழுதும் வழக்கமுடையவனாக இருந்தான். கலங்கிய உலகத்திலே ஒழுங்கு ஒன்றைத் தேடிய உள்ளம் அது என்று பின்வந்தோர் கூறுவதில் உண்மை இருத்தல் கூடும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்திலே 1798 இல், பத்தொன்பது வயதில், அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். செல்வர் ஒருவருடைய மைந்தர் இருவரை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வந்தபோது, 1803 இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மீண்டும் போர் மூண்டது. ஆங்கிலேயர்களைச் சிறைப்படுத்துமாறு நெப்போலியன் கட்டளையிட்டான். அப்போது ஜெனீவாவிலே அகப்பட்ட றோஜே, தம் தந்தையார் அந்நகரத்தவர் என்பதைச் சான்று காட்டி நிறுவி, மைந்தர்களுடன் தப்பி வந்தார். 1805 இல் மான்செஸ்டர் மருத்துவமனையிலே பணியாற்றிய காலத்தில், விரிவுரைகளும் கட்டுரைகளும் எழுதும்போது தமக்கு உதவுவதற்காக ஏறத்தாழ 15,000 சொற்களைக் கருத்து வகையால் தொகுத்து வைத்தார். அது அச்சிடுவதற்கன்று, தமக்கென வைத்துக்கொண்ட கருவி.

அதன் பின்னர் நெடுங்காலம் அவர் உழைப்பு விஞ்ஞானத்திலேயே சென்றது. கணிப்புக்குப் பயன்படும் நகர்கோல் ஒன்றைத் திருத்தி அமைத்தமைக்காக 1815 இல் றோயல் சங்கத்து உறுப்பினரானார். சிறு இடுக்குக்களினூடே நோக்கும்போது சுழலுஞ் சக்கரத்தின் ஆரைகள் வளைந்து தோன்றுவதேன் என்பதையும் ஆராய்ந்தார். திரைப்படக் கலையின் முன்வரலாற்றை எழுதுவோர் அக்கட்டுரையையும் குறிப்பிடுவதுண்டு. 1818 இலே, சட்டச் சீர்திருத்தத்துக்காக உழைத்து நாடறிந்தவரான மாமன் சேர் சாமுவேல் றோமிலி, மனைவி இறந்த துயரந் தாளாது தம் கழுத்தை அறுத்து மாண்டார். அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர் மருமகனே. அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வது அவருக்கு எளிதாயிருக்கவில்லை. 1827 முதல் 1848 வரை றோயல் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து விலகியபின், பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது.

வைத்தியராகவும் உயிரியல் அறிஞராகவும் வாழ்ந்தவர், சொற்களையும் அவ்வாறே வகுத்தார். தாவரங்களையும் விலங்குகளையும் வகுப்பு, பிரிவு, இனம் எனப் பகுப்பதுபோல, மனிதர் எண்ணக்கூடிய கருத்துக்கள் யாவற்றையும் ஆறு பெருவகுப்புக்களாகப் பகுத்தார். அருவத் தொடர்புகள், இடம், சடப்பொருள், அறிவு, இச்சை, உணர்ச்சி என்பன அவை. இவற்றுள் ஆயிரந் தலைப்புக்கள் அடங்கின. முதலாந் தலைப்பு 'இருத்தல்', ஆயிரமாவது 'கோயில்'. ஒவ்வொரு தலைப்பின் கீழும் பெயர், வினை, அடை, தொடர் என அக்கருத்துக்குரிய சொற்கள் திரண்டு நின்றன. எச்சொல்லுக்கும் பொருள் எழுதப்படவில்லை.

இந்நூலின் உயிர்நிலை இன்னொன்று. எதிரெதிரான கருத்துக்களை அவர் ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகளாக அருகருகே நிறுத்தினார். இடப்புறம் 'இருத்தல்', வலப்புறம் 'இன்மை'. இவ்வாறு நிறுத்தும்போது ஒரு சொல்லின் எல்லை, அதற்கு எதிரே நிற்பதனாலே தெளிவாகிறது. ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் எப்போதும் ஒன்றே என்று அவர் கருதவுமில்லை. ஆங்கிலத்திலே 'ஓல்ட்' என்பதற்கு, மனிதரைப் பற்றிப் பேசும்போது 'யங்' எதிராகும். துணியைப் பற்றிப் பேசும்போது 'நியூ' எதிராகும். தமிழர் முதியவரையும் பழந்துணியையும் வெவ்வேறு சொல்லாற் கூறுவர் ஆதலின், 'ஓல்ட்' என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டு சொற்கள் ஒளிந்திருப்பதைத் தமிழ் மாணவன் எளிதில் உணர்வான். எதிர்ச்சொல்லைத் தேடுவது பொருளை அளக்கும் வழியாவது இவ்விடத்திலேதான். பிற்காலப் பதிப்புக்களிலே இந்த இரட்டைப் பத்தி அமைப்புக் கைவிடப்பட்டது. அச்சுக்கு அது எளிதாயிருக்கலாம். ஆனால் நூலின் அழகில் ஒரு பங்கு அதனுடன் மறைந்தது.

தம் முயற்சிக்கு முன்னோர் எவரெனத் தேடிய றோஜே, முன்னுரையின் அடிக்குறிப்பிலே முதலிற் குறிப்பிட்டது எதனை? அமரசிங்கர் வடமொழியிலே செய்த அமரகோசத்தை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கோல்புறூக் என்பவர் 1808 இல் வங்காளத்துச் சிறீராம்பூரில் வெளியிட்டிருந்தார். கருத்து வகையாற் சொற்களை அடுக்கிய நூல்களுள் தமக்குத் தெரிந்தவரை அதுவே மிகப் பழையது என்று கூறிய றோஜே, அதன் பாகுபாடு குறையுடையது, அருவக் கருத்துக்களைப் பொறுத்தவரை குழப்பமானது என்றும் எழுதினார். இத்தீர்ப்பு முழு நியாயமுடையதன்று. அமரகோசம் செய்யுளாற் செய்யப்பட்டது, நாவிலே நிற்கவேண்டியது, தேடிப் பார்ப்பதற்கன்று, ஓதி வைத்துக்கொள்வதற்கு. றோஜே அதனை ஒரு நூலகத்து நூலாகவே கண்டார்.

தமிழிலும் அத்தகைய மரபு உண்டென்பதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. திவாகர முனிவர் செய்த திவாகரமும், அதன் வழியிலே சமணப் புலவராகிய மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளை உடையன. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்னும் பத்திலே ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும், பதினோராந் தொகுதியிலே ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும், பன்னிரண்டாவதிலே தொகைப் பெயர்களும் கூறப்பட்டன. ஒரு பொருளைப் பல சொற்கள் குறித்தலையும், ஒரு சொல் பல பொருள்களைக் குறித்தலையும் திரிசொல்லின் இருவகையாகத் தொல்காப்பியரே வகுத்திருக்கிறார். நிகண்டு தெய்வத்தின் பெயரிலே தொடங்குகிறது. றோஜே கோயிலிலே முடித்தார். ஆனால் எதிர்நிலையை நூலமைப்பின் அடிப்படையாகக் கொண்டது நிகண்டுகளில் இல்லை. அஃது அந்த இலண்டன் வைத்தியருடைய புதுமை.

நூல் வெளிவந்தபோது றோஜேக்கு வயது 73. முதலில் 1,000 படிகளே அச்சாயின. ஆனால் திரும்பத் திரும்ப அச்சிட வேண்டியதாயிற்று. 1869 புரட்டாதியில், தமது தொண்ணூறாவது வயதிலே இறக்கும்வரை அவர் புதிய சொற்களைப் பக்க ஓரங்களிலே சேர்த்துக்கொண்டே இருந்தார். மகனார் ஜோன் லூயி றோஜே 1879 இல் நூலைத் திருத்திச் சொல்லட்டவணையைப் பெரிதாக்கினார். வாசகர்கள் தந்தையாரின் ஆறு வகுப்புக்களையும் பின்பற்றாது, நேரே அட்டவணையைப் புரட்டியே சொல்லைத் தேடினர் என்பதை மகனார் கண்டுகொண்டார். 1913 இல் நியூயோர்க் நாளிதழ் ஒன்றிலே குறுக்கெழுத்துப் போட்டி தோன்றி, 1920 ஆம் ஆண்டுகளிலே அது பெரும் மோகமாகப் பரவியபோது, தத்துவஞானி ஒருவருக்குரிய அந்த வகுப்பு முறை, ஆறு எழுத்துச் சொல் ஒன்றைத் தேடுவோருக்கு உதவும் பெட்டகமாயிற்று.

இதற்கிடையே எதிர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்திலே ஒரு பெயரும் கிடைத்தது. ஒருபொருட் சொல்லைக் குறிக்கும் 'சினொனிம்' பழைய சொல். அதற்கு எதிரான 'அன்டொனிம்' என்பதைக் கிரேக்க மூலங்களிலிருந்து ஆக்கி, 1867 இல் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தவர் சார்ல்ஸ் ஜோன் சிமித் என்பவர். ஆங்கில இலக்கியத்தின் பெரும்பகுதி அச்சொல் பிறக்குமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. அதன் பின்னர் ஒருபொருட் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே நூலில் அகரவரிசையாகத் தரும் கைநூல்கள் பெருகின. பள்ளி மாணவர் அறிந்தவை இவையே.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்கிற்று. றோஜே தம் நூலை மொழியை அறிந்தவருக்கே எழுதினார். சொல் நாவின் நுனியில் நிற்கிறது, வெளிவர மறுக்கிறது என்னும் நிலையில் உள்ளவர், பட்டியலைக் கண்டதும் தமக்கு வேண்டியதை இனங்கண்டுகொள்வார். மொழியைப் புதிதாகக் கற்பவனுக்கோ பட்டியலில் உள்ளவை யாவும் ஒரே விலையுள்ள நாணயங்களாகவே தோன்றும். 'சைல்ட்லைக்', 'சைல்டிஷ்' என்னும் இரண்டும் 'குழந்தை போன்ற' என்னும் ஒரு பொருளன. ஆனால் முன்னது கள்ளங்கபடமின்மையைப் பாராட்டுவது. பின்னது முதிர்ச்சியின்மையை இகழ்வது. 'ஸ்லென்டர்', 'ஸ்கினி' என்பனவும் அவ்வாறே. மெலிந்த உடலை முதற்சொல் புகழும், இரண்டாவது பழிக்கும். நற்சான்றுப் பத்திரம் எழுதப் புகுந்தவன் பட்டியலை மட்டும் நம்பினால், புகழ நினைத்தவரைப் பழித்து முடிப்பான். சொல் மிகுதியே புலமை என்று எண்ணி, எளிய சொல் இருக்குமிடத்திலெல்லாம் அரிய சொல்லைப் பெய்து எழுதும் நடையும் இவ்வாறே வளர்ந்தது.

கற்பவனுடைய இக்குறையை நோக்கிய முயற்சிகளுள் ஒன்று, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டிலேயே உருவாயிற்று. வங்காளத்து டாக்கா நகரிலே ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், மாணவர்கள் சொற்கள் பலவற்றை ஓதியும் ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள்கொள்ள இயலாதிருத்தலைக் கண்டார். 1935 இல் அவர் என்டிகொட் என்பவருடன் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கிற்று. கோட்ரி 1604 இல் செய்ததையே வெஸ்ட் கணக்கிட்டுச் செய்தார் எனலாம். யப்பானிலே ஆங்கிலம் கற்பித்த ஹோர்ன்பி என்பவர் 1942 இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி இன்னும் ஒரு படி சென்று, ஒரு சொல் எந்த வாக்கிய அமைப்பிலே வரும் என்பதையும் காட்டிற்று. பின்னர் 1948 இல் அதனை ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் தன் பெயரில் வெளியிட்டது.

எதிர்நிலை பற்றிய றோஜேயின் எண்ணம் அத்துடன் மறையவில்லை. 1985 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே உளவியலறிஞர் ஜோர்ஜ் மில்லர் தொடங்கிய கணினிச் சொற்களஞ்சியத்திலே, பண்புச் சொற்கள் எதிர்ச்சொல் இணைகளைச் சுற்றியே அடுக்கப்பட்டன. அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. 'ஹெவி' என்பதற்கு 'லைட்' என்னும் எதிர்ச்சொல் உண்டு. அதே பாரத்தைக் குறிக்கும் 'பொண்டரஸ்' என்பதற்குத் தனக்கென ஓர் எதிர்ச்சொல் இல்லை; 'ஹெவி' வழியாகவே அது 'லைட்' என்பதற்கு எதிராகிறது. 'பிக்' என்பதற்கு 'லிற்றில்' இணையாகும். 'லார்ஜ்' என்பதற்கு 'சிமோல்' இணையாகும். பொருள் ஒத்திருப்பினும் இணைகள் மாறுவது அருமை. எதிர்நிலை கருத்துக்களுக்கிடையே மாத்திரமன்றி, சொற்களுக்கிடையேயும் நிலவுகிறது என்பது இதனாற் புலப்பட்டது. ஆயிரந் தலைப்பையும் இரண்டு பத்திகளிலே அடுக்கிய வைத்தியர், கருத்துக்களின் எதிர்நிலையையே பெரிதும் நோக்கியிருந்தார்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலே 1965 இல் மைக்கேல் சாமுவேல்ஸ் தொடங்கிய முயற்சியோ இன்னும் பெரிது. ஒக்ஸ்போட் பேரகராதியில் உள்ள சொற்களையெல்லாம் கருத்து வகையாகவும், ஒவ்வொரு சொல்லும் வழக்குக்கு வந்த கால வரிசையாகவும் அடுக்குவதே நோக்கம். சொற்கள் யாவும் காகிதத் துண்டுகளிலே கையால் எழுதப்பட்டன. 1978 இல் அவை வைக்கப்பட்டிருந்த கட்டடத்திலே தீப்பற்றியது. உலோகப் பெட்டிகளுள் இருந்தமையால் துண்டுகள் பிழைத்தன. 2009 இல் நூல் இரண்டு பெரும் பாகங்களாக வெளிவந்தபோது, அதில் ஏறத்தாழ 800,000 சொற்பொருள்கள் இடம்பெற்றன. வேலை தொடங்கி அப்போது நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மான்செஸ்டரிலே எழுதிய சிறு பட்டியல், றோஜே மீண்டும் கையில் எடுக்கும்வரை காத்திருந்ததும் அத்தனை ஆண்டுகளே.